கடைசி ரெண்டு

வெள்ளிக்கிழமை, இரவு.

மத்தியானம் மனை விற்கிற ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "கடைசி ரெண்டு மனைதான் அண்ணாச்சி, இன்னைக்கு விட்டா கெடைக்காது" என்றார். என் வீட்டுக்காரர் அட்வான்ஸ் எடுக்க எழுந்தேவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தையில் பலகை மேல் ரெண்டே ரெண்டு சீலா மீனை வைத்துவிட்டு, மீதியை ஐஸ் பெட்டிக்குள் மூடி வைத்துக்கொண்டு நான் தினமும் கூவுவதும் இதைத்தானே!

"மத்த மனைய எந்தப் பெட்டிக்குள்ள மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாப்பிடும்போது இவர் கேட்டார்: "ஏளா, ஒன்னைய பொண்ணு பாக்க வந்தப்போ, இன்னொரு எடத்துலயும் கேக்காவன்னு ஒங்க அம்மா சொன்னாவளே, அதுவும் இதுதானா?"

குழம்பு எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அப்படி யாருமே கேட்டு வரவில்லை.