செல்வி இன்னும் உள்ள இருக்கா

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

இன்னைக்கு தேயிலை ஃபெக்டரி கிளாக்கர் மாத்தியா போன் எடுத்தாரு. "மல்லி, என் தம்பி மாதிரி நெனச்சு சொல்றேன், கோவிக்காதீங்க. ஒங்க நோனா செத்தும் தினம் வேலைக்கு வர்றாங்கன்னு கம்பியூட்டர் காட்டுது. தோட்டத்த நடத்துற தொரையே பயந்துட்டாரு. நாளைக்கு கொழும்புல இருந்து செக் பண்ண வர்றாங்க, அந்தப் பேர எடுத்துடுங்க."

என் பொஞ்சாதி செல்வி அங்க வேலை செஞ்சப்ப நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தேன். என் லேப்டொப்புல இருந்தே ஃபெக்டரி சேர்வருக்குள்ள அவ பேர்ல போயி, கொழுந்துக் கணக்க கொழும்புக்கு அனுப்பிரும். அவ நேரத்தோட வீட்டுக்கு வரட்டும்னுதான். அவ போனப்பறமும் நான் அத நிறுத்தல.

ராவு சோத்துக்கு முன்ன ஸ்கிரிப்ட்ல அவ பேர எடுத்துட்டு என் பேரப் போட்டேன். வேலை செஞ்சிச்சு. அப்பறம் சேர்வர்ல இருந்து அவ பேர அழிக்கச் சொன்னேன். முடியாதுன்னு வந்திச்சு. செல்வி இன்னும் உள்ள இருக்காளாம்.

சாயங்காலம் மழைக்கு இன்டர்நெட் லைன் இழுபட்டதுல, அவ பேர்ல உள்ள போன ஸ்கிரிப்ட் வெளிய வராம மாட்டிக்கிட்டு நிக்குது. அவ்வளவுதான், எனக்குத் தெரியும். வெட்டி விட ஒரு வரி போதும். அந்த வரிய அடிச்சும் வச்சிட்டேன். என்டர் தட்டத்தான் கை வரல. நான் வெட்டாட்டி காலையில கிளாக்கர் மாத்தியா சேர்வரையே நிப்பாட்டிருவாரு, அப்பயும் அவ வெளிய வந்துருவா.

செல்வியோட அம்மா கதவத் தட்டுறாங்க. "மாப்பிள்ள, இன்னும் தூங்கலியா?"

லேப்டொப்ப அப்படியே விட்டுட்டு லைட்ட மட்டும் அணைக்கிறேன்.