மஞ்சள் கண்ணைப் பார்த்தவள்

அன்னவாசல்,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் உமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், வெள்ளைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, தாயும் கன்றும்கூட நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்காகத் தபால் எழுதுகிறார் என்று நீ பயந்துவிடாதே, பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. என் செல்போன் இப்போது பாதி நேரம் அம்மா கையில்தான் இருக்கிறது, மீன் படமாகப் பார்த்துத் தள்ளுகிறாள், நான் உனக்கு எதையாவது தட்டி அனுப்பினால் அவள்தான் முதலில் படிப்பாள். வாயால் சொல்லலாம் என்றால் உன் போன் வந்ததும் மாட்டுக்கொட்டகைக்கு எழுந்து போகிறவள் அங்கே நின்றுகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்கிறாள். நீ வைத்த பிறகு, மாசமா இருக்குற பிள்ளைக்கு இருமல் மாதிரி இருக்கே என்று பசுவிடம் சொல்வது போலச் சொல்கிறாள். அதனால்தான் அவள் தையல் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மழை சுமாராகப் பெய்தது, கடலைக்குக் களையெடுத்து மண் அணைத்தாயிற்று. குளத்தூர் ஆண்டிச்சாமி மாமா மகன் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலையில் நடக்கிறேன், நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை போன வருஷம் அம்மாவின் பெட்டியில் வைத்து அனுப்பினாரே ஒரு தூண்டில் கம்பு, அது பரண் மேல் கிடந்து தூசி படியும் என்றுதான் நான் நினைத்தேன். தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மீமிசலுக்குப் போயி பிரகதாம்பாளப் பாத்துட்டு வரலாம் வாங்க என்றாள். தங்கையைப் பார்க்கக் கம்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்று தொடங்கியது, மாதம் ஒரு தடவையாவது உன் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்குகிறோம், விடிந்ததும் சூசைராஜ் என்பவருடைய பைபர் படகில் இவள் ஏறிவிடுகிறாள், கூடவே நானும் குடையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். எனக்கு மீன் என்றால் குழம்பில் கிடப்பது ஒன்றுதான். படகு ஆடினால் குடல் வாய்க்கு வருகிறது. ஆனாலும் அவளைத் தனியாக அனுப்பிவிட்டுக் கரையில் உட்கார மனம் வரவில்லை. முதலில் அந்தப் பக்கத்துப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தூண்டில் போடுகிற இவளைப் பார்த்துச் சிரித்தார்கள், இப்போது என்னக்கா இன்னிக்கு என்ன கடிச்சுச்சு என்று கேட்கிறார்கள்.

பிடிப்பதைவிட எந்த மீன் எது என்று தெரிந்துகொள்வதில்தான் அவளுக்கு வெறி. ஏலம் நடக்கிற இடத்தில் கூடைக்குக் கூடை குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்த கண் அல்லவா, எல்லாவற்றையும் துணி மாதிரியே சொல்கிறாள். கொடுவாவுக்குத் தலைக்கு மேலே கழுத்து இறக்கம் வெட்டின மாதிரி ஒரு பள்ளம் இருக்குமாம், வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகுமாம், வெயில் பட்டால் கண் பொன் மாதிரி மின்னுமாம். களவாவுக்கு உடம்பெல்லாம் சுங்குடிப் புள்ளி, வால் விசிறி போல உருண்டு முடியும், தலை மட்டும் மழமழவென்று இருக்கும் என்பாள். ஒரு தடவை நான் ஒரு கீச்சானைப் பார்த்துக் கொடுவாக் குஞ்சு என்று சொல்லிவிட்டு, ஒடம்புல வளைஞ்ச கோடு மூணு ஓடுதே, ஒங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதற்கு இந்த வயதில் இத்தனை படிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. போன வருஷம் அவள் உங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது உனக்கும் அவளுக்கும் என்ன நடந்தது என்பதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை, குளிர் ஒத்துக்கலை, அதான் முன்னாடியே வந்துட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளைதான் போனில் கொஞ்சம் சொன்னார். பிடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிற சிவப்புப் பாறைமீனை, மீன் பிடிக்கப் போன இடத்தில் அத்தை தெரியாமல் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார், கரையில் மீன்வளத் துறை ஆள் பார்த்துவிட்டார், அபராதம் போட்டார்கள், அந்த இடத்திலேயே உமா கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டாள் மாமா என்றார். தெரியலன்னா சும்மா இருக்க மாட்டியாம்மா, எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஏன் நடந்துக்குற என்று நீ சொன்னதாகவும் அத்தை பதிலே பேசவில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் நேராகப் பேசி ஒரு வருஷம் ஆகப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். அன்று படகில் எங்களோடு இன்னொருவர் வந்தார், ஆனந்தராஜ் என்று பெயர், புதுக்கோட்டையில் பேங்கில் வேலை, விடுமுறை நாளில் தூண்டில் போட வருகிற நல்ல மனுஷன். கடல் அலுங்காமல் இருந்தது. பாறை கிடக்கிற இடமாகப் பார்த்து சூசைராஜ் நங்கூரம் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஆனந்தராஜ் கம்பு வளைந்தது, தூக்கினால் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக ஒரு மீன். களவா களவா என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார், போனை என் கையில் கொடுத்து, ஐயா ஒரு போட்டோ எடுங்க, மகளுக்கு அனுப்பணும் என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடிக்கப் போனார். உன் அம்மா தன் கம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தம்பி, தொடாதீங்க, அது களவா இல்ல என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, களவாவேதான்க்கா, புள்ளியப் பாருங்க என்றார். புள்ளிய விடுங்க, தலையப் பாருங்க, கன்னத்துல முள்ளு வரிசையா நிக்குது, தாடைக்குக் கீழ தோலு தொங்குது, களவாவுக்கு ஏது தாடி என்று இவள் சொல்வதற்குள் அவர் கை போய்விட்டது. நான் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன் உமா, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவள் காலடியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து மீன் மேல் போட்டு அவர் கையைத் தள்ளிவிட்டாள். மீன் சாக்கோடு துள்ளியது. அது அவர் மடியில் விழுந்துவிடக்கூடாது என்று இரண்டு கையாலும் அழுத்தினாள். சாக்கைத் தாண்டி ஒரு முள் அவள் கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஏறிவிட்டது.

உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், முகம் சாம்பலாகிவிட்டது. இஞ்சின் பக்கம் திரும்பியிருந்த சூசைராஜ் வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்ததும், ஐயோ இது தேள்மீனாச்சே, முள்ளெல்லாம் வெஷமாச்சே என்று நங்கூரத்தை இழுத்துவிட்டார். ஆனந்தராஜ் அழாத குறை. கரைக்கு வரும் வரையில் கை தோள் வரைக்கும் தீயில் வைத்த மாதிரி எரிகிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இறங்கினதும், சுடுதண்ணி வேணும், கை பொறுக்குற சூட்டுல முக்கி வைக்கணும், பாறைமீன் முள்ளு குத்தினா அப்படித்தான் செய்யணும்னு மாப்பிள்ளை அங்க சொல்லிக் குடுத்தாரு, அதுவும் இதுவும் ஒரே வம்சமாம் என்றாள். வீடு கரைக்குப் பக்கத்தில்தான், உன் சித்தி ஓடிப்போய் வெந்நீர் போட்டு அண்டாவில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனாள். கையைத் தண்ணீரில் வைத்த பிறகுதான் இவளுக்கு மூச்சு சீராக வந்தது. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

அப்போது நான் கேட்காமலே பேசினாள். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். அந்த மஞ்சக் கண்ண நான் பாத்தேங்க என்றாள். எந்தக் கண்ணு என்றேன். உமா ஊருல, அந்தச் செவப்பு மீனு. மஞ்சக் கண்ணா இருந்தா விட்டுரணும், சாதாக் கண்ணா இருந்தா வச்சுக்கலாம்னு மாப்பிள்ளை தெளிவாச் சொல்லியிருந்தாரு. எனக்குத் தெரியாம இல்ல. பாத்தும் பாக்காத மாதிரி பெட்டிக்குள்ள வச்சுட்டேன் என்றாள். ஏன்டி என்று கேட்டேன். கரு தங்காமப் போனதுலேருந்து அவ சோறு தண்ணி இல்லாமக் கெடந்தா, நான் என்ன ஆக்கி வச்சாலும் தட்டத் தள்ளிவிட்டுட்டுச் சுவத்தப் பாத்துப் படுத்துக்குவா. அந்த மீனு நம்ம ஊரு சங்கரா மீனு மாதிரியே செவசெவன்னு இருந்துச்சு. புளி கரைச்சு ஒரு கொழம்பு வச்சா ரெண்டு வாயாவது திம்பாளேன்னு நெனச்சேன். அந்த நேரத்துல எனக்குச் சட்டமும் தெரியல, கண்ணும் தெரியல என்றாள். அப்படியானால் இதை அவளிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, இத்தனை நாள் முகம் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டாமே என்றேன். அதற்கு அவள், என்னன்னு சொல்ல, ஒனக்காகத்தான் திருடுனேன்னா? அவளே ஒடஞ்சு கெடந்தா, அது மேல இதையும் தூக்கி வைக்கவா? அம்மா ஒண்ணும் தெரியாத பொம்பளன்னு நெனச்சுக்கிட்டுப் போகட்டும், அதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல என்றாள். சொல்லிவிட்டு, தண்ணி ஆறிப்போச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்றாள். அங்கே அபராதம் போட்ட அன்றிலிருந்து எந்த மீனைக் கண்டாலும் கண்ணையும் தலையையும் பார்க்காமல் கை வைப்பதில்லை என்று தனக்குத்தானே முடிவு செய்திருக்கிறாள், அதுதான் இத்தனை படிப்பும் என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, முள் துண்டு உள்ளே இல்லை என்று பார்த்து, சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, வீக்கம் வடியத்தான் நாளாகும் என்றார் டாக்டர். ஆனந்தராஜ் அதுவரைக்கும் வெளியிலேயே நின்றார், வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை. இப்போது வலி இல்லை, விரல் மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது, கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, ஆனாலும் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். உமாவுக்குச் சொல்லக் கூடாது, புள்ளத்தாச்சிப் பொண்ணு பயந்துக்குவா என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. அதை மீறித்தான் எழுதுகிறேன்.

அவள் செய்தது தப்பு உமா, அதை நான் மூடி மறைக்கவில்லை. அந்த மீன் என்னையும் அவளையும்விட வயதில் மூத்ததாகக்கூட இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார், அதைக் காப்பாற்றத்தான் அந்த ஊரில் சட்டம் போட்டிருக்கிறார்கள். நீ கோபப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது, அன்றைக்கு நீ இருந்த நிலைமையும் எனக்குத் தெரியும். யார் பக்கமும் பேச நான் இதை எழுதவில்லை. கார்த்திகையில் உனக்குப் பிரசவம். விசா இன்னும் இருக்கிறது. டிக்கெட் போடலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம், அவ கூப்புட்டாளா என்று கேட்கிறாள். மாப்பிள்ளை கூப்பிட்டது போதாது, நான் சொல்வதும் போதாது. நீ அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், மீன் பேச்சையே எடுக்க வேண்டாம், நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நீ வாம்மா என்று ஒரு சொல் போதும். மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னால் கூடப் போதும்.

இவ்வளவு எழுதிவிட்டு மடிக்கப் போனேன், கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அவளே வந்துவிட்டாள். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாருக்கு என்றாள். உமாவுக்கு என்றேன், பொய் சொல்ல வாய் வரவில்லை. வாங்கிப் படிப்பாள் என்று பயந்தேன், படிக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். கால் வீங்குதான்னு கேளுங்க என்றாள். எழுதுகிறேன் என்றேன். மறுபடி உள்ளே போனாள், மறுபடி வந்தாள். பிள்ளை நல்லா ஒதைக்குதான்னு கேளுங்க, எடது பக்கமாப் படுக்குறாளான்னு கேளுங்க, மீனு சாப்பிடலாம் ஆனா பெரிய மீனு வேணாம்னு சொல்லுங்க என்றாள். கடைசியில், நான் கேட்டேன்னு எழுதாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுதிவிட்டேன். கேட்டது அவள்தான். பதிலை எனக்குச் சொல்லாதே, அவளிடம் சொல்.

இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, மாடிப்படியில் அவசரப்பட்டு இறங்காதே. மாப்பிள்ளை சிவாவுக்கு எங்கள் அன்பைச் சொல். இங்கே காலையில் பால் கறந்து முடித்து ஏழு மணிக்கு அவள் வீட்டில்தான் இருப்பாள், உங்களுக்கு அப்போது சாயங்காலம். தாயும் பிள்ளையுமாக நீ நல்லபடியாகப் பிழைத்து, பதினாறும் பெற்று நீடூழி வாழ அப்பாவின் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரத்தினவேல்.