கானின் மருமகனும் உங்கள் மருமகனும்

அன்புள்ள மாமா,

நீங்கள் கண்மூடி ஒன்பது மாதமாகிறது. உங்கள் மகள் நலம். உங்கள் சாய்மனைக் கதிரையில் இப்போது நான்தான் இருக்கிறேன். அதற்கு அவள் இன்னும் முழு அனுமதி தரவில்லை.

பெரிய செய்தி, உங்கள் பேத்தி மதுரா ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டாள். ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? மங்கோலிய அரசகுமாரிகளின் கல்யாணங்கள். தமிழ்ப் பிள்ளைக்கு மங்கோலியா எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாய்மொழித் தேர்வன்று பின்வரிசையில் இருந்து கேட்டபோதுதான் விளங்கியது.

மங்கோலியக் கான் தன் மகளை அயல் அரசனுக்குக் கட்டிக்கொடுப்பாராம். மாப்பிள்ளைக்கு மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் போர் வந்தால் தன் படையோடு மாமனாருக்குப் பின்னால் போயாக வேண்டும். மாப்பிள்ளை போர்க்களத்தில் நிற்க, சில இடங்களில் நாட்டை நடத்தியது கானின் மகள்தானாம். மதுரா டேனிஷில் சொல்லச் சொல்ல, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இது நம் வீட்டுக் கதையல்லவா மாமா?

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே குடிவர வேண்டும் என்பீர்கள். டேனிஷ் ஊரான ஒடென்சேக்கு வந்த பிறகும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. இருந்த வேலையை விட்டு, இரண்டு பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். "மருமகன், ஒருக்கா வாங்கோ" என்று நீங்கள் கூப்பிட்டால் போதும், கோயிலில் கதிரை அடுக்கவோ, யாரோ ஒருவரின் சோபாவைத் தூக்கவோ நான் நிற்க வேண்டும். இங்கே சேர்ந்த தொழிற்சாலையில் கூட்டாளிகள் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று செய்த பகிடி கொஞ்சமா? இருபத்தேழு வருஷம் முணுமுணுத்தேன். நீங்கள் காதில் விழாதது போலவே இருந்தீர்கள்.

இனித்தான் விஷயம். மதுரா ஒருவரை விரும்புகிறாள். பெயர் ரொஷான், ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. நல்ல பொடியன், நானும் பிழை தேடிக் களைத்துவிட்டேன். போன ஞாயிறு அங்கிருந்து தாய் தகப்பனோடு வந்தான். தேநீர் குடித்தபடி தாய் கேட்டார்: "பிள்ளை எப்ப எங்கட வீட்டுக்கு வாறா? மேல் அறையைக் கூட பெயின்ற் அடிச்சு வைச்சிட்டம்."

என் வாயில் என்ன புகுந்ததோ தெரியாது. "எங்கட பிள்ளை வரமாட்டா. உங்கட மகன்தான் இங்க வரவேணும். அது எங்கட வழக்கம்" என்றேன்.

எங்கள் வழக்கமாம்! உங்கள் மகள் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த அம்மாவின் முகம் இருண்டது. தகப்பன் கார்ச் சாவியை வெளியே எடுத்தார். பிள்ளையின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு வியர்த்தது.

மதுரா டேனிஷில் ஏதோ தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "அப்பா, அந்த அரசகுமாரியளை ஆருக்குக் குடுத்தது, எங்க அனுப்பினது எண்டெல்லாம் படிச்சனான். அவையிட்ட விருப்பம் கேட்டதாத்தான் நான் ஒரு இடத்திலயும் காணேல்லை. நீங்களாவது கேளுங்கோவன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எங்க இருக்கப் போறாய் பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓகூஸில. எனக்கு அங்க வேலை கிடைச்சிட்டுது. ரொஷானும் அங்க மாறி வாறார்."

"ஓம் அங்கிள்" என்றான் ரொஷான், தாயைப் பார்க்காமலே.

அந்த அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேருமே தோற்றுப்போயிருந்தோம். அவர்தான் முதலில் சிரித்தார். "சரி அண்ணை, ஓகூஸ் எண்டால் உங்களுக்கும் தூரம், எங்களுக்கும் தூரம். சண்டையில்லை." சாவி திரும்பச் சட்டைப்பைக்குள் போனது.

அவர்கள் போனபின் உங்களை நினைத்து அழுதேன் மாமா. என்னை வேலை வாங்கத்தான் கூட்டிவந்தீர்கள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். மகளைப் பிரிய முடியாமல்தானா அந்தப் பிடிவாதம்? அதை ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

ஒரு வாக்குத் தருகிறேன். மதுராவைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைப்பேன். அனுப்பிவிட்டு வந்து, உங்கள் மகளுக்குப் பக்கத்தில் இருப்பேன். நான் எங்கேயும் போகமாட்டேன் மாமா, இது என் வீடு.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
விரைவில் ஒரு மாமனார்