தம்பியாரின் அட்டைகள்

என் சிநேகிதிக்கு,

இன்று காலை நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான்கள் விற்றார்கள். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய, பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டைகள். மூடியைத் திறந்ததும் பழைய காகித மட்டையும் சுவிங்கமும் கலந்த வாசம் வந்தது. மற்றவர்களின் குசினியில் கறித்தூள் மணக்கும்; உன்னுடையதில் அதோடு இதுவும் மணக்கும். யோசிக்காமலே அட்டைகளைப் புரட்டி உன் ஆளைத் தேடத் தொடங்கிவிட்டேன். விற்கிறவர் உதவிக்கு வந்து பெயரைக் கேட்டார். குடும்பப் பெயரைச் சொன்னதும், உலகமெல்லாம் தெரிந்த தமையனின் அட்டையைப் பெருமையாக எடுத்து நீட்டினார். இவரில்லை, தம்பியார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ எத்தனையோ கடைகளில் வாங்கியிருக்கிறாய்.

கார்ட்டியர்வில் வீட்டில் நீ பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த காலம். உன் கார்டெரிக்கு, அந்தப் பிள்ளைக் காப்பகத்துக்கு, வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் பிறந்தநாளுக்கென்று ஒரு கட்டு அட்டைகள் கொண்டுவந்தார். குஞ்சுகள் எல்லாம் சண்டை பிடித்து அள்ளிக்கொண்டு போக, ஒன்று மட்டும் நிலத்தில் கிடந்தது. ஏன் இதை ஒருவரும் எடுக்கவில்லை என்று கேட்டாய். அவன் ஒருத்தனும் இல்லை, பெரிய ஆட்டக்காரரின் தம்பி மட்டும்தான் என்றது ஒரு வாண்டு. நீ அந்த அட்டையைச் சீலைத் தலைப்பால் துடைத்து ஃபிரிட்ஜில் ஒட்டினாய்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்து வந்து பாடும் உன் அக்காவை மொன்றியல் தமிழர் எல்லாருக்கும் தெரியும். நீ இங்கேயே காலம் முழுக்க இருந்தவள், ஆனால் எந்தக் கலியாண வீட்டிலும் நீ பாட்டுக்காரியின் தங்கச்சி. கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்கள், அக்கா எப்ப வாறா என்று கேட்பார்கள், பதில் கிடைத்ததும் எழும்பிப் போவார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். உனக்கு வராது. அவ வந்தால் சீலை அயன் பண்ணுவதும், தொண்டைக்கு மல்லித்தண்ணி அவிப்பதும், மண்டபத்தில் பின்னுக்கு நின்று முதல் கை தட்டுவதும் நீதான். நான் சினந்தால் ஃபிரிட்ஜைக் காட்டுவாய்.

"தமையன் அடிக்கேக்க முதல் கை தட்டினது ஆர் எண்டு நினைக்கிறாய்? இவன்தான்."

சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு புறப்படுவாய். சீலைக்கு மேல் குளிர்கோட்டு, காலில் பனிச் சப்பாத்து. புரோசார்ட் வரைக்கும் பஸ் மாறி மாறிப் போயிருக்கிறோம், ஒரே ஒரு அட்டைக்காக. அந்த விளையாட்டின் சட்டம் ஒன்றும் உனக்குத் தெரியாது. ஒரு ஆட்டத்தைக்கூட நித்திரை கொள்ளாமல் நீ பார்த்து முடித்ததில்லை. ஆனால் அட்டையின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பாய். அணிக்கு அணி அவரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இந்த முறையும் பெட்டி படுக்கை கட்டியிருக்கிறான், பாவம் என்பாய்.

ஒருநாள் நான் உன் வீட்டுக்கு வந்தபோது உன் முகம் பூரித்துக் கிடந்தது. மூன்றாவது சகோதரன் ஒருத்தனும் இருக்கிறானாம், இவ்வளவு நாளும் கண்ணில் படவில்லையாம். அட்டையில் அதே பின்பெயர். நம் ஆட்களுக்குப் பின்பெயர் என்றால் அப்பாவின் பெயர்தானே. ஒரே அப்பா என்றால் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அதில் உனக்குச் சந்தேகமே வரவில்லை. நானும் ஓம் என்று தலையாட்டினேன். அந்த ஆளின் அட்டைகளையும் தேடித் தேடி வாங்கினாய். கடைசியில் புரோசார்ட் கடைக்காரர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார், இந்த நாட்டில் அந்தப் பெயர் ஊருக்கு நூறு பேருக்கு இருக்கும், இவருக்கும் அவர்களுக்கும் ஒரு சொந்தமும் இல்லை என்று. நான் வெட்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அசையவில்லை. வீட்டுக்குள் வந்த பிள்ளையை வெளியில் விடேலாது என்று என்னிடம் சொன்னாய். சொந்தமில்லாத அந்த மனிதர் கடைசி வரைக்கும் ஃபிரிட்ஜில் தம்பியாருக்குப் பக்கத்தில் இருந்தார்.

பிறகு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் சூப் கொண்டு வந்த ஒரு பின்னேரம், அக்கா வந்துகொண்டிருக்கிறா என்று சொன்னேன். நீ சிரித்தாய்.

"நான் போற நாளிலயும் சனம் அவவைத்தான் பாக்கும். நீ கோவிச்சுக்கொண்டு நிக்காதை."

பிறகு யன்னல் பக்கம் திரும்பி மெல்லமாகச் சொன்னாய்.

"ஒரு நாளைக்கெண்டாலும் சனம் என்னைப் பாக்கவேணும் எண்டு எனக்கும் ஆசை இருந்தது, கண்டியோ."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, உனக்கும் வலித்திருக்கிறது என்று. நான் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னபடியேதான் நடந்தது. உன்னைக் கிடத்தியிருந்த மண்டபத்தில் சனம் உன்னைக் கும்பிட்டுவிட்டு நேரே அக்காவிடம் போனது. ஒருவர் கைபேசியை எடுத்துப் படமும் பிடித்தார். கோபிக்காதே என்று நீ சொல்லியிருந்தாய். நான் நன்றாகவே கோபித்தேன்.

அப்போது உன் கார்டெரிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள். ஹெயிட்டிப் பிள்ளைகள், வியட்நாம் பிள்ளைகள், அல்ஜீரியப் பிள்ளைகள், தாய்மாரும் கூட. அவர்களுக்கு எந்தப் பாட்டுக்காரியையும் தெரியாது. உன்னைச் சுற்றி நின்று அன்ரி, அன்ரி என்று அழுதார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி அக்காவைக் கண்டு நின்றாள், கிட்டப் போனாள், அவவின் கையைப் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது. என்ன கேட்கிறா என்பதுபோல என்னைப் பார்த்தா.

"நீங்கள் இவளின்ர அக்காவோ எண்டு கேக்கிறா. உங்களில இவளின்ர முகம் தெரியுதாம்."

எத்தனை மேடையில் எத்தனை பேர் முன்னால் வாய் திறந்தவ. அன்றைக்கு அவவின் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் அவளின்ர அக்கா எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் சொல்லாதேங்கோ."

அதைப் பிரெஞ்சில் சொன்னவள் நான். பிறகு வரிசையாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சொன்னேன், அவர்கள் ஒவ்வொருவரும் அதற்காகவே அவவைக் கட்டிப் பிடித்தார்கள். பாட்டுக்காரியும் அதற்காகவே அழுதா. நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்க நீ இல்லையே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வசனத்தை நான் இன்னும் விடவில்லை. போன மாதம் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் மேடையில் பாடுகிறவவைக் காட்டி, அவ ஆர், உங்களுக்குத் தெரியுமோ என்று ஒருத்தி கேட்டாள். தெரியும் என்றேன். என்ர சிநேகிதியின்ர அக்கா.