நாற்பத்தேழு திருத்தங்கள்

ஜூன் 14

அன்புள்ள மாமா,

விடுதியில் ஃபோனுக்கு அனுமதி இல்லை. அதனால் நம் இசை வகுப்பு இனி தபாலில்தான். நீங்கள் பழுதுபார்க்கும் வாஷிங் மெஷின்களின் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து, நான் காட்டியதுபோல் அடுக்கிப் பாட்டாக்கி, மெமரி கார்டில் அனுப்புங்கள். சனிக்கிழமை கணினி அறையில் திருத்தி அனுப்புகிறேன். நாமே தயாரித்து நாமே வெளியிடலாம், யார் காலிலும் விழ வேண்டாம்.

முதல் பாடம்: திரையில் கட்டம் போட்டிருக்கும். ஒவ்வொரு தாள அடியும் கோட்டின்மேல் விழ வேண்டும். நூலகத்தில் இதைப் பற்றி இருக்கும் ஒரே புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன்.

உங்கள் ஆசிரியை
(பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு)

ஜூலை 9

வாத்தியாரம்மா மருமகளுக்கு,

மாமா எழுதறேன். சலவைக்கடை பழைய மெஷின்ல எடுத்தது, மூணு வாரம் உக்காந்து செஞ்சேன். "கடையிலதான் இரைச்சல்னா வீட்டுலயுமா?"ன்னா உன் அத்தை. அப்புறம் பாத்தா காய் நறுக்கிக்கிட்டே தலையாட்டறா! 'ஒத்தைக்கால்'னு பேரு வச்சிருக்கேன். ஃபோன்ல இடமில்லாம அழிச்சிட்டேன், கார்டுல இருக்கறதுதான். தப்பிருந்தா காதைத் திருகு.

மாமா

ஜூலை 20

அன்புள்ள மாமா,

பாட்டு அருமை! ஒரே குறை, மெஷினின் அந்த 'டொக்' சத்தம் கொஞ்சம் தாமதமாக விழுகிறது. நாற்பத்தேழு இடங்களில்! எல்லாவற்றையும் இழுத்துக் கோட்டில் உட்கார வைத்து, அதே கார்டில் அதே பெயரில் சேமித்துவிட்டேன். இடைவேளையில் பள்ளி ஒலிபெருக்கியில் போட்டோம். கைதட்டல்! அடுத்த பாட்டு எப்போது?

உங்கள் ஆசிரியை

ஆகஸ்ட் 5

மருமகளே,

கேட்டோம். நல்லா இருக்கு. "இது யாரு பாட்டு?"ன்னு உன் அத்தை கேட்டா.

அந்த மெஷினுக்கு ஒரு கால் குட்டைம்மா. சுத்தறப்ப நொண்டும். அடியில அட்டையை மடிச்சு வச்சு அந்த ஆட்டத்தை நிறுத்தறதுதான் என் பொழப்பு. பாட்டுலயாவது ஆடிட்டுப் போகட்டும்னு விட்டேன். மெஷின் பழைய இரும்புக்குப் போயிடுச்சு.

உன் மேல கோவமெல்லாம் இல்ல. நல்லாப் படி. எனக்கெதுக்கு இந்தப் பாடமெல்லாம், விடு.

மாமா

அக்டோபர் 8

அன்புள்ள மாமா,

உங்கள் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டிலும் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, பாட்டை மீட்க என்னென்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதி மறுபடியும் பாடம் நடத்திவிட்டேன்.

பார்க்க வந்தபோது அம்மா சொன்னாள்: "உன் மாமன் இப்பல்லாம் மெஷினைச் சரி பண்ணிட்டு, அது சுத்தறதைக்கூட நின்னு கேக்கறதில்லடி."

நேற்று விடுதி மெஷினுக்கு அடியில் மடித்து வைத்திருந்த அட்டையை உருவினேன். நொண்டியது. வார்டன் வந்து திட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு 'டொக்'குக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பைத்தான் நாற்பத்தேழு இடங்களில் அழித்திருக்கிறேன்.

இந்த உறையில் புது மெமரி கார்டு ஒன்று வைத்திருக்கிறேன், காலியாக. அதில் புதுப் பாட்டு செய்தால் எனக்கு அனுப்ப வேண்டாம், மாமா. அத்தை காய் நறுக்கும்போது போட்டால் போதும்.

உங்கள் மருமகள்