ஹார்கிரோவ் சொல்லாமல் வைத்திருந்த வசனம்

நவம்பர் 4, பிராண்டே, டென்மார்க்
இன்றைக்கு எட்வின் ஹார்கிரோவுக்குத் தாடி வழித்துவிட்டேன். லண்டன் மேடைகளில் ராசாவாக நின்றவர். படங்களில் செத்துச் செத்தே பேர் எடுத்தவர். டெனிஷ்காரியைக் கட்டி இங்கே வந்து, அவளும் போய், இப்போது நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் கடைசி அறையில். என் இங்கிலீசைக் கேட்டு, "நீ எந்த நாடகக் கம்பனி?" என்றார். பரம்பரை நடிகன் என்றேன். பள்ளிக்கூட நாடகத்தில் வாயிற்காவலனாக நின்றதும் நடிப்புத்தானே!

நவம்பர் 9
தினமும் பின்னேரம் அவருடைய பழைய நாடகமொன்றுக்கு ஒத்திகை. அவர் சாகக் கிடக்கும் தகப்பன், நான் மகன். கடைசி வசனம் வந்ததும் வாயை மூடிவிடுகிறார். ஒத்திகையில் அதைச் சொல்லக்கூடாதாம், சொன்னால் நாடகம் முடிந்துவிடுமாம். முதல் காட்சியில், சனத்துக்கு முன்னால்தான் சொல்லலாமாம். அந்த முதல் காட்சி நடக்கவேயில்லை. அதற்கு முந்தின நாள் கொட்டகை எரிந்து போச்சு.

நவம்பர் 10
"அந்த வசனத்தை நான் எடுக்கிறன், பார்" என்றேன் ரூத்திடம். கட்டின மனுசி எண்டால் புருசனை மெச்ச வேண்டாமோ?
"உங்களுக்கு ஏனப்பா உந்த வேலை? அந்த மனுசன் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் உயிரோட கிடக்குது."

நவம்பர் 17
இந்தக் கிழமை தாண்டாது என்றார் டொக்டர். என்னிடம் ஆலோசனை கேட்காத குறைதான். ஹார்கிரோவ் எழும்பியிருந்து சூப் குடிக்கிறார். ஒத்திகை இருக்கிறதாம்.

நவம்பர் 23
நாலு மணிக்கே இருட்டு. சும்மா பகிடிக்குத்தான் சொன்னேன்: "ஐயா, இண்டைக்கு முதல் காட்சி. சனம் நிரம்பி வழியுது. முன்வரிசையில ராசகுடும்பம்."
தலை சீவச் சொன்னார். முழுவதும் நடித்தார். அந்த மெலிந்த நெஞ்சுக்குள் எங்கே கிடந்தது அந்தக் குரல்? கடைசியில் என்னைப் பார்த்து: "கதவைத் திற, மகனே. வந்துவிட்டார்கள்."
திறந்தேன். ஆள் நடந்தால் மட்டும் எரிகிற விளக்குகள், நடைகூடத்தின் அந்தத் தொங்கல் முனையிலிருந்து ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. கதவடி வரைக்கும் வந்தன. ஒருத்தரும் இல்லை.
திரும்பினேன். கண் மூடியிருந்தார். என்ன நடிப்பு! கை தட்டினேன். எழும்பிக் கும்பிடுவார் என்று — தட்டிக்கொண்டே நின்றேன்.

நவம்பர் 24
முதல் காட்சி எண்டு ஏன்ரா சொன்னனீ?

டிசம்பர் 6
தமிழர் மண்டபத்தில் எல்லாரும் கதை கேட்டார்கள். தாடி வழித்தது, டொக்டர் என்னிடம் ஆலோசனை கேட்டது, ராசகுடும்பம் — எல்லாம் சொன்னேன். தலை சீவினதோடு நிறுத்திவிட்டேன்.
"பிறகு? கடைசியா என்னண்ணை சொன்னவர்?" என்றான் துவாரகன்.
"தேத்தண்ணி ஆறுது, குடியும்."