முழுப் பேர் என்ன சார்?

மார்ச் 3
ஹோட்டலுக்கு வரும் போனெல்லாம் என் காது வழியாகத்தான் போக வேண்டும். இன்று 307-இல் தங்கியிருப்பவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். யார் கேட்டாலும் தான் இங்கே இல்லை என்று சொல்லச் சொன்னாள். அம்மா கேட்டாலுமா என்றேன். “அம்மாகிட்ட சொன்னா நேரா அவருக்குத்தான் போகும்.” இந்த வெயிலில் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 4
ஒன்றுமில்லை. 112-காரர் சோப்பு வழுக்குகிறது என்று புகார் செய்தார். சோப்பு வேறென்ன செய்யும்?

மார்ச் 5
கூப்பிட்டுவிட்டான். தேன் ஒழுகும் குரல். மனைவி பேரைச் சொல்லி, குழந்தையின் மருந்தை மறந்துவிட்டுப் போய்விட்டாள், லைன் கொடுங்கள் என்றான். அப்படி யாரும் இல்லை என்று படபடவென்று சொல்லிவிட்டேன். அவன் நிதானமாக, “முழுப் பேர்கூடக் கேக்கலையேம்மா. தேடிப் பாக்காமலே இல்லேன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

யார் கேட்டாலும் முழுப் பேர் கேட்பேன், கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பேன், அப்புறம்தான் இல்லை என்பேன். தூக்கத்தில்கூட அப்படித்தான் செய்வேன். இன்னிக்குன்னு பாத்து புத்தி எங்க போச்சு? காப்பாத்தறேன்னு நானே காட்டிக் குடுத்துட்டேனே —

உடனே 307-க்குச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கை நாளைக் காலை காரோடு வருவாள், அதுவரை போக வேறு இடமில்லை என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் உனக்கென்ன வேலை என்றார். ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை. மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 6
விடிந்ததும் வந்துவிட்டான். கையில் ஒரு கரடி பொம்மை. மேனேஜரிடம் கல்யாண போட்டோவைக் காட்டினான். அவர் உருகிப்போய், ரூமுக்கு ஒரு போன் போடு, வருவதும் வராததும் அந்தம்மா இஷ்டம் என்று என் காதருகே சொன்னார். நான் போனை எடுத்தாலே அவள் மாடியில் இருப்பது அவனுக்கு உறுதியாகிவிடும். அவன் முன்னாலேயே முழுப் பேர் கேட்டேன், தட்டினேன், யாரும் இல்லை என்றேன். அவன் சிரித்தான். சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கத்தினார். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்: “அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, ரூமுக்குப் போன் போடச் சொன்னது நீங்கதான்னு போலீஸ்ல சொல்லுவேன் சார்.” அவர் முகம் செத்துவிட்டது.

உள்ளேயிருந்தே 307-க்குப் போன் போட்டு, தங்கையை லாண்டரி வண்டி வரும் பின்கேட்டுக்கு வரவழைக்கச் சொன்னேன். ரூம் சுத்தம் செய்யும் அக்கா அவர்களைச் சாமான் லிஃப்டில் இறக்கினாள். நான் கவுண்டருக்குத் திரும்பி, தண்ணீர் வேண்டுமா என்று அவனைக் கேட்டேன். “தேங்க்ஸ்மா” என்றான். அவன் குடித்து முடிப்பதற்குள் கார் போய்விட்டது.

மார்ச் 7
மேனேஜர் என்னோடு பேசவில்லை. காதுக்கு நிம்மதி.

மார்ச் 21
இன்றும் அவன் கூப்பிட்டான். முழுப் பேர் கேட்டேன், தட்டினேன், இல்லை என்றேன்.

மத்தியானம் இன்னொரு போன். பின்னால் ஒரு குழந்தை எதையோ போட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. “நாங்க நல்லா இருக்கோம்” என்றது ஒரு பெண் குரல். அவ்வளவுதான். யார் பேசுவது என்று நான் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற மேனேஜர் யாரென்று கேட்டார். ராங் நம்பர் சார் என்றேன்.